வண்டி சூடாகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

"வண்டி சூடாகிறது" என்று பட்டறைக்கு வருபவர்களிடம் நான் உடனே பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது சூடாகிறது என்று கேட்பேன். நிற்கும்போதா, ஓடும்போதா? மேடு ஏறும்போதா? ஏசி போட்டால் மட்டுமா? புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்திலா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? பலருக்கு இந்த விசாரணை பிடிப்பதில்லை. "அதைப் பார்க்கத்தானே அக்கா உங்களிடம் கொண்டுவந்தேன்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டபோது எனக்கும் இது வெட்டிப் பேச்சாகத்தான் தோன்றியது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஸ்பானரைத் தொடுவதில்லை. பதில் தெரியாமல் வேலையைத் தொடங்கினால் தெர்மோஸ்டாட்டை மாற்றி, பம்ப்பை மாற்றி, ரேடியேட்டரையும் மாற்றிவிட்டு, சூடு மட்டும் அப்படியே இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ஜினின் உலோகம் வழியாகக் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவத்துக்குப் போய்ச் சேருகிறது. அதைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, மீண்டும் என்ஜினுக்குத் திரும்புவதுதான் கூலண்டின் வேலை. இதற்கு நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். போதுமான அளவு கூலண்ட் இருக்க வேண்டும். அது அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரேடியேட்டர் மேல் காற்று பட வேண்டும். எப்போது சூடாகிறது என்பது இந்த நான்கில் எது கெட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நெரிசலில் நின்றால் வெப்பநிலை காட்டும் முள் ஏறி, சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றுதான் குறை, விசிறியைப் பாருங்கள். நகருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடானால் ஓட்டம் குறைகிறது. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கீழ்க்குழாய் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போனால் மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டாக (சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கலாம், அல்லது கூலண்ட் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கலாம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுவுக்கே வராவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது.

முள்ளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் அது உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதில்லை. ஓட்டுபவர் பதற வேண்டாம் என்று 75 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரைக்கும்கூட முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முள் அசையும் நேரத்தில் விஷயம் முற்றியிருக்கும். வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் செருகும் சிறிய கருவி ஒன்று இருந்தால் உண்மையான எண்ணைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு பொறியும் உண்டு. நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் குளிர்ந்துவிட்டது என்று மகிழாதீர்கள். கூலண்ட் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நடுவழியில் முள் ஏறினால்

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் இதைச் செய்யச் சொன்னால் திட்டத்தான் தோன்றும். ஆனால் ஹீட்டர் என்பது வண்டிக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். என்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினைச் சற்று வேகமாகச் சுழலவிடுங்கள். முள் இறங்கத் தொடங்கினால் தப்பித்தீர்கள். சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, ஆவி தெரிந்தாலோ, கீழே கூலண்ட் கொட்டினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே என்ஜினை நிறுத்துங்கள். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தாலும் அப்படித்தான். முள் மேலே இருக்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்றை அனுப்பினால், அதன் குழாய்க்குள் போகக்கூட என்ஜினில் கூலண்ட் இல்லை என்று பொருள்.

"வீடு பக்கம்தானே, மெதுவாகப் போய்விடலாம்" என்று நினைக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் எனக்குப் பெரிய வேலையைக் கொடுக்கிறது. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுகள் இன்று பெரும்பாலும் அலுமினியம். பல என்ஜின்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வளைவைத்தான் அனுமதித்திருக்கிறார்கள். அதைத் தாண்டி வளைந்தால் ஹெட்டைக் கழற்றி, மட்டம் பிடித்து, அதற்கும் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். இழுவை வண்டியை அழைத்துவிட்டால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும்.

ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் சூட்டில் திறக்காதீர்கள். என் இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இரண்டு நிறமாக இருக்கும். பத்தொன்பது வயதில், அப்பா வெளியே போயிருந்த அரைமணி நேரத்தில், வாடிக்கையாளரிடம் என் திறமையைக் காட்டப் போய் வாங்கிய பரிசு அது. நடந்தது இவ்வளவுதான்: மூடியின் அழுத்தத்தால் 110 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கிக் கிடந்த கூலண்ட், அழுத்தம் போன அந்த நொடியில் குபீரென்று ஆவியாகி மேலே பாய்ந்தது. கையில் துணி சுற்றியிருந்தேன். துணியும் நனைந்து, கொதிநீரைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

குறைந்தது அரைமணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட முடிய வேண்டும். அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை முதல் தடை வரை மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கிய பின் முழுவதுமாகத் திறங்கள். காய்ந்து கிடக்கும் சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று ஊற்றினால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விடும். ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கூலண்ட் இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு வெறும் தண்ணீர் போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறிய வண்டியில், காலையில்

நான் சோதனையைத் தொடங்குவது மறுநாள் காலையில்தான். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கச் சொல்வேன். காலையில் அட்டையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், அதற்கு நேர் மேலே இருப்பவை மட்டும் சந்தேகப் பட்டியலில் மிஞ்சும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிறமில்லை, வழவழப்பும் இல்லை. கூலண்ட் விரலிடுக்கில் வழுக்கும், நிறமும் இருக்கும். நக்கிப் பார்க்காதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அப்படிச் சோதிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைப் பாழாக்கும் நஞ்சு.

அடுத்தது அளவு. பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டர் மேல் தனி மூடி உள்ள வண்டியில் அதையும் திறந்து பார்க்க வேண்டும். டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருப்பதை நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மூடியேதான்.

மூடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு சின்னதாக இருப்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது குறிப்பிட்ட அழுத்தம் வரை தாங்கி, அதற்கு மேல் போனால் திறந்து கூலண்டை டப்பாவுக்கு அனுப்பும். நடுவிலுள்ள சின்னது, வண்டி ஆறும்போது ஏற்படும் வெற்றிடத்தால் திறந்து, அதே கூலண்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். சில வண்டிகளில் 1.4 கூட இருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் மூடி தாங்கும் அழுத்தம் அது, பார் என்ற அலகில். சரிபாதித் தண்ணீரும் சரிபாதிக் கூலண்டும் கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். அதே கலவை 1 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே 129 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியைப் போட்டு ஓட்டினால் அந்த இருபத்திரண்டு டிகிரி பாதுகாப்பை இழந்துவிடுகிறீர்கள். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் வெளியே போன கூலண்ட் திரும்பி வராது. ஆறிய பின் மேல்குழாய் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும், விளிம்பில் படிவு ஏறியிருந்தாலும் நான் யோசிக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுவேன். அதே எண் பொறித்ததாக இருக்க வேண்டும். அதிக எண் உள்ளதைப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து, பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியைப் பிளந்துகொண்டவர்கள் உண்டு.

குழாய்களை முழு நீளத்துக்கும் அமுக்கிப் பாருங்கள். கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருக்கிறதா, நடுவில் சதைப்பிடிப்பில்லாமல் தொய்ந்திருக்கிறதா, அமுக்கினால் உள்ளே நறநறவென்கிறதா? ரப்பர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடும். வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். கசிவு இருந்த இடத்தில் கூலண்ட் காய்ந்து பச்சை, இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதை ஓட்டை என்று நினைத்துப் பிசின் போட்டு அடைத்துக் கொண்டுவந்தார் ஒருவர். பம்ப்பின் சீல் தேய்ந்தால் பேரிங்குக்குள் போகாமல் கூலண்ட் வெளியேறுவதற்காகத் தயாரித்தவர்களே வைத்த துளை அது. அங்கே கறை தெரிந்தால் பம்ப்பின் காலம் முடிந்துவிட்டது.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனைக் கருவியை மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் உள்ள எண் அளவுக்குக் கையால் காற்றடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருக்கிறேன். ஊசி அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் டார்ச்சோடு தேடல் தொடங்கும். வெளியே எங்குமே ஈரம் இல்லையென்றால் வண்டிக்குள் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டர் கசிந்தால் அங்கே நனைந்திருக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும், இனிப்பான நெடி வீசும். அங்கேயும் இல்லையென்றால் கூலண்ட் போகக்கூடிய இடம் ஒன்றுதான் மிச்சம். அந்தத் துக்கச் செய்திக்குப் பின்னால் வருகிறேன்.

விசிறி சுற்றுகிறதா, எந்தப் பக்கம் சுற்றுகிறது?

மின்விசிறி உள்ள வண்டியில் சோதனை எளிது. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனே விசிறி சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே, அதாவது விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச். அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண்ணுள்ள ரிலே ஒன்று இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் விசிறியின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றின் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நலம். கோளாறு ஒயரிங்கிலோ ரிலேயிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுற்றவில்லையென்றால், மோட்டாரை ஸ்குரூடிரைவரின் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. அதோடு "சரியாகிவிட்டது" என்று ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், அடுத்த நெரிசலில் தட்டுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஏசி போட்டால் சுற்றுகிறது, சூடானால் மட்டும் சுற்றவில்லையென்றால் வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள். இரண்டு வேகம் உள்ள விசிறிகளில் ரெசிஸ்டர் எரிந்துபோனால் குறைந்த வேகம் செத்துவிடும், அதிவேகம் மட்டும் வேலை செய்யும். என்ஜின் நின்ற பிறகும் சில வண்டிகளில் விசிறி தானாகவே சுற்றத் தொடங்கும். கையை வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

விசிறி சுற்றுகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த வண்டி ஒன்று உண்டு. என்னிடம் வருவதற்குள் அதில் புதிய தெர்மோஸ்டாட், புதிய பம்ப், புதிய ரேடியேட்டர் எல்லாம் போட்டாகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிய பதில் எனக்கே விசித்திரமாக இருந்தது. நெடுஞ்சாலையில் சூடாவதில்லை, நின்றால் மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது, நகருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. காற்றுக் குறை என்றால் நின்றால்தான் அதிகம் சூடாக வேண்டும். ஓட்டக் குறை என்றால் வேகத்தில் சூடாக வேண்டும். இது இரண்டிலும் அடங்கவில்லை. இரண்டு நாள் குழம்பிவிட்டு, நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டி அது. தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என் முகத்தில் வந்து அடித்தது. விசிறி மோட்டாரை யாரோ மாற்றியபோது இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி இணைத்துவிட்டார்கள். விசிறி காற்றை முன்னால் தள்ளியது, சாலைக் காற்று பின்னால் தள்ளியது. நாற்பது கிலோமீட்டரில் இரண்டும் சரிக்குச் சரி மோதி, ரேடியேட்டருக்குள் காற்றே அசையவில்லை. ஒயர்களை மாற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து விசிறியைச் சோதிக்கும்போது ஒரு தாளும் கையில் இருக்கும்.

விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, பம்பருக்கு அடியிலுள்ள தடுப்புத் தகடு விழுந்துபோயிருந்தாலோ காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மோதல் பழுதுக்குப் பிறகு சூடாகத் தொடங்கிய வண்டிகளில் இதை முதலில் பார்ப்பேன்.

அப்படியே ரேடியேட்டரின் முகத்தையும் பாருங்கள். 1901இல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் வண்டியின் ரேடியேட்டரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழாய்கள் தேன்கூடு போல அடுக்கப்பட்டிருந்தன. அதற்கு முன் கார்ல் பென்ஸ் 1886இல் ஓட்டிய வண்டி தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக வெளியேற்றியே குளிர்ந்தது. போகும் வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். மைபாக் செய்தது காற்றுபடும் பரப்பைப் பெருக்கியதுதான். அந்தப் பரப்பைத்தான் நாம் தூசியாலும் பூச்சியாலும் மூடி வைக்கிறோம். முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஏசியின் கண்டன்சர். அது சுத்தமாக இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள ஒரு விரல் இடைவெளியில்தான் எல்லாம் தங்கும். ஒரு தடவை அங்கிருந்து கம்பளித் துணி போல ஒரே பாளமாக உரித்தெடுத்திருக்கிறேன். சுத்தம் செய்யும்போது தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீய்ச்சுங்கள், வந்த வழியே போகட்டும். அதிக அழுத்தம் கூடாது. தகடுகள் தாளைப் போல மடிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம்

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிவிட்டு மேல்குழாயில் கை வைத்துக்கொண்டிருங்கள். சில நிமிடங்களுக்குக் குளிர்ச்சியாகவே இருந்து, திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்த கணம் அது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் அது மூடுவதே இல்லை. முள் உச்சிக்குப் போன பின்னும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் அது திறப்பதே இல்லை. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும். அங்கே இந்தச் சோதனையைக் கீழ்க்குழாயில் செய்ய வேண்டும். பெல்ட்டும் விசிறியும் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொள்ளுங்கள்.

கழற்றிவிட்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் சோதிக்கலாம். அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் 82, 88 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஏறக்குறைய அந்தச் சூட்டில் வாய் பிளக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். உள்ளேயிருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளுவதைக் கண்ணால் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. மீண்டும் பொருத்தும்போது, சின்ன ஆணி ஆடும் துளை இருந்தால் அது மேலே வர வேண்டும். காற்று தப்பிக்கும் வழி அது.

"சூடான பிரதேசத்தில் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிப் போட்டுவிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்குகளோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைய என்ஜின் தன் வெப்பநிலையைப் பார்த்துத்தான் எரிபொருளை அளக்கிறது. குளிர்ந்தே ஓடினால் எரிபொருள் வீணாகும், ஆயில் கெடும், பி0128 என்ற குறியீட்டோடு எச்சரிக்கை விளக்கு எரியும். அதைவிட வேடிக்கை, சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்பக்கத் தட்டு சுற்றுவழிக் குழாயை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்தக் குழாய் எப்போதும் திறந்திருக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினையே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியவர் சூட்டை ஏற்றிக்கொள்கிறார்.

வேகத்தில் மட்டும் சூடானால்

ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கிறதா என்று அறிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். நன்றாகச் சூடான வண்டியில், கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை அதை நகர்த்திக்கொண்டே போனால் வெப்பநிலை சீராக இறங்க வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே கூலண்ட் ஓடவில்லை. அடைப்பு கொஞ்சமாக இருந்தால் கழுவும் மருந்து உதவும். பாதி ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் மருந்தில் நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள். கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் நான் போடுவதில்லை. அவற்றுக்குக் கசியும் துளைக்கும் ஹீட்டரின் நுண்குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

கீழ்க்குழாய் இருக்கிறதே, அது பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். பல வண்டிகளில் அது அமுங்கிவிடாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். துருப்பிடித்து அந்தச் சுருள் உதிர்ந்துபோனால், வேகமெடுக்கும்போது குழாய் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். நின்றுகொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருவரை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

பம்ப்பின் உள்சக்கரம் அரித்துப்போனாலோ, பிளாஸ்டிக் சக்கரம் தண்டிலிருந்து நழுவினாலோ வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. நின்றால் ஹீட்டர் குளிர்ந்தும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடாகவும் காற்று தந்தால், கூலண்ட் அளவு சரியாக இருக்கும் பட்சத்தில், பம்ப்பைத்தான் நினைப்பேன். டைமிங் பெல்ட் சுற்றும் பம்ப் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே இடத்தை இரண்டு தடவை பிரிப்பதற்கு நானே சலித்துக்கொள்வேன்.

ஹெட் கேஸ்கெட்

கூலண்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை. அப்படியானால் ஹெட் கேஸ்கெட் கெட்டு, அது சிலிண்டருக்குள் எரிகிறது, அல்லது ஆயிலில் கலக்கிறது. நன்றாகச் சூடான பின்னும் இனிப்பு நெடியோடு வெண்புகை வந்துகொண்டே இருந்தால் முதலாவது. குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் வரும் வெண்புகை வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் அளவுகோலில் ஆயில் வெளிறிய பழுப்புக் களிம்பாக இருந்தால் இரண்டாவது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் களிம்பு இருந்தால் அது குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அளவுகோலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கருவி இல்லாமல் நான் செய்யும் சோதனை இது. இரவு முழுக்க ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து மூடிவிட்டு, என்ஜினைக் கிளப்பி, மேல்குழாயைப் பிடித்துக்கொள்கிறேன். சூடே ஏறாத முதல் ஓரிரு நிமிடத்திலேயே குழாய் கல்லாக இறுகினால், அழுத்தம் ஆவியால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து தப்பி வரும் வாயுவால் வந்தது. உறுதி செய்ய ஒரு நீலத் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், பெட்ரோல் என்ஜினின் எரிவாயு கலந்திருக்கும்போது அது மஞ்சளாக மாறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும்போது மற்றவை கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல இருந்தால் கசிவு எந்தச் சிலிண்டரில் என்பதும் தெரிந்துவிடும். இதற்கு மேல் வீட்டில் செய்யும் வேலை இல்லை.

கூலண்ட் ஊற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும்

நிறத்தை வைத்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் தயாரிப்பாளர் விருப்பம். அதற்குப் பொதுவான விதி ஒன்றும் இல்லை. வண்டிக் கையேட்டில் என்ன தரம் எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள். பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் துரு தடுக்கும் ஆற்றல் போகும். சில சமயம் கூழாகத் திரளும். அடர்கூலண்ட் என்றால் சரிபாதி வாலைவடிநீர் சேருங்கள். அது உறைபனியில் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். "தண்ணீரே சேர்க்காவிட்டால் இன்னும் நல்லதுதானே" என்று கேட்பார்கள். இல்லை. கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும், கலக்காமல் ஊற்றினால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்தும் போகும்.

தொடக்க காலத்தில் நான் அதிகம் சொதப்பியது காற்றை வெளியேற்றுவதில்தான். பம்ப்பை மாற்றி, கூலண்ட் நிரப்பி அனுப்பிய வண்டி மறுநாளே சூடாகித் திரும்பி வந்தது. வேலையில் குறையில்லை, ஹெட்டுக்குள் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. இப்போது செய்யும் முறை இது. வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டர் வாயே மிக உயரமான இடமாக இருக்கும்படி செய்கிறேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கிறேன். கூலண்டை மெதுவாக, கொப்பளிக்காமல் ஊற்றுகிறேன். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் சீராகக் கூலண்ட் வழியும் வரை விட்டு இறுக்குகிறேன். பிறகு மூடியைப் போடாமல், வாயில் புனலைச் செருகி என்ஜினை ஓடவிட்டுக் குழாய்களை மெல்ல அமுக்கி அமுக்கி விடுகிறேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சரேலென்று இறங்கும். அதை நிரப்ப வேண்டும். குமிழிகள் நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்து, விசிறி இரண்டு தடவை சுற்றி நின்ற பிறகுதான் என்ஜினை நிறுத்துகிறேன். கூலண்ட் அமைதியாக அடங்கிய பின் மூடியைப் போடுகிறேன். மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன், மட்டத்தை மறுபடி பார்த்து நிரப்புகிறேன்.

வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தரையிலோ வடிகாலிலோ கொட்டாதீர்கள். திறந்த தட்டில் அரைமணி நேரம் வைத்துவிட்டு மறந்தால்கூட நாயோ பூனையோ வந்து குடித்துவிடும். கொஞ்சமே போதும், பிழைக்காது. நான் அதை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயின்டால் "விஷம்" என்று நான்கு பக்கமும் எழுதி, கழிவு ஆயில் எடுத்துப் போகிறவர்கள் வரும் வரை மேல் அலமாரியில் பூட்டி வைக்கிறேன்.